குரோமாக்ஸ் லினக்ஸில் ஏற மறுத்தால்: பிழைச் செய்தியைப் பிடித்து ஆணிவேருக்குப் போகும் வழி

குரோமாக்ஸ் என்பது புரதம், சவ்வு, நீர் போன்றவற்றின் மூலக்கூறு அசைவைக் கணக்கிடும் மென்பொருள். 1991-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். மூலநிரல் திறந்தது, காசு கிடையாது. பலருக்கு அதை ஓட்டுவதைவிட நிறுவுவதுதான் பெரும்பாடு. குரோமாக்ஸில் குறை இருப்பதால் நேர்வது குறைவு. பெரும்பாலும் கம்பைலர் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுவது), கூடா (என்விடியா கார்டில் கணக்குப் போட உதவும் மென்பொருள்), டிரைவர், கோண்டா (பைத்தான் சூழல்களையும் பேக்கேஜ்களையும் நிறுவும் கருவி) ஆகியவற்றின் வெர்ஷன்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அவ்வளவுதான்.

கீழே உள்ளவை உபுண்டு 22.04, 24.04 இரண்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. டெபியனிலும் பெரும்பாலும் செல்லும். கட்டளைகளும் பிழைச் செய்திகளும் ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும். கோடு, புள்ளி, எண் எல்லாம் அப்படியே.

எதையும் தொடும் முன்

திரையின் கடைசி வரியை நம்ப வேண்டாம். "மேக்: *** [ஆல்] எரர் 2" என்று முடிந்தால் அது வெறும் ஒப்பாரி, சாவு நடந்தது இருநூறு வரிக்கு மேலே. மூலநிரலைக் கட்டும் கருவியான மேக் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதால் உண்மையான பிழைக்குப் பிறகும் மற்ற கோப்புகள் கம்பைல் ஆகிக்கொண்டே இருக்கும், பிழை மேலே போய்விடும். அதனால் வெளியீட்டைக் கோப்பில் பிடியுங்கள்: "மேக் -ஜே4 2>&1 | டீ மேக்.லாக்". பிறகு "கிரெப் -என் -எம்1 'எரர்:' மேக்.லாக்" என்றால் முதல் பிழை எந்த வரியில் என்று காட்டும். அந்த வரியையும் அதற்கு மேல் பத்து வரியையும் படித்தால் போதும்.

இன்னொன்று, பில்ட் ஃபோல்டரை அழிக்கத் தயங்க வேண்டாம். மேக்குக்கு முன் கட்டுமானத்தைத் தயார் செய்யும் கருவியான சிமேக் முதல் ஓட்டத்திலேயே கம்பைலர், லைப்ரரிகளின் இடங்களைச் சிமேக்கேஷ் கோப்பில் எழுதி வைத்துவிடும். பின்னால் ஜிசிசி-யை (லினக்ஸின் வழக்கமான சி, சி++ கம்பைலர்) மாற்றினாலும் கூடாவை மாற்றினாலும் அது பழைய குறிப்பையே பார்க்கும். சரியான மருந்தைக் கொடுத்தும் நோய் தீரவில்லை என்று பலர் கைவிடுவது இங்கேதான். எந்தப் பெரிய மாற்றத்துக்குப் பிறகும் "ஆர்எம் -ஆர்எஃப் பில்ட்", மறுபடி "எம்கேடிர் பில்ட்", உள்ளே போய்ப் புதிதாகச் சிமேக்.

மூலநிரலிலிருந்து கட்டத்தான் வேண்டுமா என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் குரோமாக்ஸ்" 22.04-ல் 2021.4-ஐயும் 24.04-ல் 2023.3-ஐயும் தரும். பாடம் படிக்க, சின்ன புரதத்தை நீரில் போட்டுப் பார்க்க அது தாராளம். கூடா வழியாக என்விடியா கார்டைப் பயன்படுத்த வேண்டும், அல்லது புதிய வெர்ஷன் வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

"குட் நாட் கெட் லாக்", "அனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்"

முதலாவது வந்தால் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடைக்கும். அப்படி அழித்தால், பாதியில் நிற்கும் டிபிகேஜி (பேக்கேஜ்களை நிறுவும் அடிப்படைக் கருவி) தரவுத்தளத்தைச் சரிசெய்ய அரை நாள் போகும், வேண்டாம். இரண்டாவது வந்தால் "சூடோ ஆப்ட் அப்டேட்" செய்யவில்லை, அல்லது யூனிவர்ஸ் களஞ்சியம் அணைந்திருக்கிறது: "சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி யூனிவர்ஸ்".

சிமேக்கிலேயே நின்றால்

"நோ சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_கம்பைலர் குட் பி ஃபவுண்ட்" என்றால் கம்பைலரே இல்லை. "பில்ட்-எசென்ஷியல்" பேக்கேஜைப் போட்டால் முடிந்தது.

"சிமேக் 3.28 ஆர் ஹையர் இஸ் ரிக்வயர்ட்" என்பது 22.04-ல் குரோமாக்ஸ் 2025-ஐக் கட்டுபவர்களுக்கு வருவது. அந்த உபுண்டுவில் இருப்பது 3.22.1. எளிய வழி, ஒரு பைத்தான் வெர்ச்சுவல் சூழலில் "பிப் இன்ஸ்டால் சிமேக்". "சூடோ ஸ்னாப் இன்ஸ்டால் சிமேக் --கிளாசிக்" என்பதும் சரி. கணினியோடு வந்த சிமேக்கை நீக்க வேண்டியதில்லை, அதை நம்பி வேறு பேக்கேஜ்கள் இருக்கலாம். புதியதைப் போட்ட பின்னும் பழைய எண்ணே வந்தால் "ஹாஷ் -ஆர்" அடியுங்கள். ஷெல் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கும். இந்த வேலையெல்லாம் வேண்டாமென்றால் குரோமாக்ஸ் 2024-க்குப் போங்கள், அதற்கு 3.18.4 போதும். 24.04-காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, 3.28.3 தயாராக இருக்கிறது.

எஃப்எஃப்டிடபிள்யூ என்பது ஃபூரியர் மாற்றம் கணக்கிடும் லைப்ரரி. "கெனாட் ஃபைண்ட் எஃப்எஃப்டிடபிள்யூ 3, வித் கரெக்ட் பிரிசிஷன்" என்ற செய்தியில் கவனிக்க வேண்டியது "பிரிசிஷன்" என்ற சொல். குரோமாக்ஸ் வழக்கமாகக் கலப்புத் துல்லியத்தில் ஓடும். அதற்கு வேண்டியது பெயர் முடிவில் எஃப் உள்ள ஒற்றைத் துல்லிய லைப்ரரி, லிப்எஃப்எஃப்டிடபிள்யூ3எஃப். எஃப்எஃப்டிடபிள்யூ-வை நீங்களே கட்டி "--எனேபிள்-ஃப்ளோட்" கொடுக்க மறந்தால் இரட்டைத் துல்லியம் மட்டும் உருவாகும். லைப்ரரி இருந்தும் இல்லை என்று சிமேக் சொல்வது அதனால்தான். உபுண்டுவின் "லிப்எஃப்எஃப்டிடபிள்யூ3-டெவ்" பேக்கேஜில் இரண்டும் உண்டு. அல்லது "-டிஜிஎம்எக்ஸ்_பில்ட்_ஓன்_எஃப்எஃப்டிடபிள்யூ=ஆன்" கொடுத்தால் குரோமாக்ஸே இறக்கிக் கட்டிக்கொள்ளும். இறக்கம் நடப்பது சிமேக்கின்போது அல்ல, மேக்கின்போது. இணையம் இல்லாத கிளஸ்டர் கணுவில் (பல கணினிகள் சேர்ந்த தொகுதியின் ஒரு கணினி) சிமேக் சிரித்துக்கொண்டே முடிந்து, மேக் தொடங்கியதும் விழுவதன் காரணம் இது.

"சோர்ஸ் டைரக்டரி டஸ் நாட் அப்பியர் டு கன்டெய்ன் சிமேக்லிஸ்ட்ஸ்" வந்தால் சிமேக்குக்குப் பின் இரண்டு புள்ளி போட மறந்திருக்கிறீர்கள், அல்லது தவறான ஃபோல்டரில் நிற்கிறீர்கள்.

கூடா: நான்கு எண்கள், ஒரு தகராறு

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. "என்விடியா-எஸ்எம்ஐ" அடித்தால் வலது மேல் மூலையில் "கூடா வெர்ஷன்" என்று ஓர் எண் வரும். அதைப் பார்த்து "என்னிடம் கூடா இருக்கிறதே" என்று நம்புவது மிகப் பரவலான தவறு. அந்த எண், டிரைவர் அதிகபட்சம் எந்தக் கூடாவைத் தாங்கும் என்று சொல்கிறது. டூல்கிட் (கூடா நிரலைக் கட்டும் கருவித்தொகுப்பு) நிறுவப்பட்டிருக்கிறதா என்பதற்கு அதன் கம்பைலரான என்விசிசி-யைக் கேட்கும் "என்விசிசி --வெர்ஷன்" தான் சாட்சி. அது "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றால், ஒன்று டூல்கிட் இல்லை, இல்லை பாதையில் சேரவில்லை. என்விடியா தரும் நிறுவி வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல்/கூடா/பின் என்ற இடத்தில் வைக்கும். அதைப் பாத் மாறியில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேருங்கள்.

ஆக ஒத்துப்போக வேண்டியவை டிரைவர், டூல்கிட், ஜிசிசி, குரோமாக்ஸ் என நான்கு. கூடா 12 வரிசைக்கு டிரைவர் 525 அல்லது அதற்கு மேல் வேண்டும். கூடா 11 வரிசைக்கு 450.80.02. டிரைவர் பழையதாக இருந்தால் கட்டுவது நன்றாக முடியும், ஓட்டும்போது "கூடா டிரைவர் வெர்ஷன் இஸ் இன்சஃபிஷியன்ட் ஃபார் கூடா ரன்டைம் வெர்ஷன்" என்று வரும். குரோமாக்ஸ் 2025 குறைந்தது கூடா 12.1 கேட்கும்.

"பாராமீட்டர் பேக்ஸ் நாட் எக்ஸ்பாண்டெட்" என்று எஸ்டிடி_ஃபங்ஷன் கோப்பைச் சுட்டிப் பிழை வந்தால் நீங்கள் 22.04-ல் இருக்கிறீர்கள், ஆப்ட் வழியே "என்விடியா-கூடா-டூல்கிட்" போட்டிருக்கிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அங்கே கிடைப்பது கூடா 11.5, கம்பைலர் ஜிசிசி 11. அந்த ஜிசிசி-யின் தலைப்புக் கோப்பை அந்த என்விசிசி-யால் படிக்க முடியாது. குரோமாக்ஸ் நிரலைத் தோண்டிப் பயனில்லை. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-10 ஜி++-10" செய்து, பில்ட் ஃபோல்டரை அழித்து, சிமேக்குக்கு "-டிசிமேக்_சி_கம்பைலர்=ஜிசிசி-10 -டிசிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_கம்பைலர்=ஜி++-10 -டிசிமேக்_கூடா_ஹோஸ்ட்_கம்பைலர்=ஜி++-10" மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 2023, 2024 வெர்ஷன்கள் இப்படிக் கட்டும். 2025 வேண்டுமானால் ஆப்டின் கூடாவை நீக்கிவிட்டு என்விடியாவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து 12 வரிசையைப் போடுவதுதான் வழி.

"அன்சப்போர்டட் ஜிஎன்யூ வெர்ஷன்! ஜிசிசி வெர்ஷன்ஸ் லேட்டர் தேன் 12 ஆர் நாட் சப்போர்டட்" என்பது எதிர்ப்பக்கக் கதை. 24.04-ன் ஜிசிசி 13-ஐக் கூடா 12.3 வரை ஏற்காது, 12.4 முதல் ஏற்கும். டூல்கிட்டை உயர்த்துங்கள், அல்லது ஜிசிசி-12 போட்டு மேலே சொன்ன மூன்று விருப்பங்களில் 12 என்று கொடுங்கள். "-அலவ்-அன்சப்போர்டட்-கம்பைலர்" என்று ஒரு குறுக்குவழி உண்டு. கட்டி முடிந்தாலும் கணக்கின் விடையை எதை வைத்து நம்புவது? ஆராய்ச்சிக்குப் பயன்படும் கணினியில் அதைத் தொடக்கூடாது.

"அன்சப்போர்டட் ஜிபியு ஆர்கிடெக்சர் 'கம்ப்யூட்_35'" வந்தால் பழைய குரோமாக்ஸைப் புதிய கூடாவோடு கட்டுகிறீர்கள். கெப்ளர் தலைமுறைக் கார்டுகளைக் கூடா 12 கைகழுவிவிட்டது, பழைய குரோமாக்ஸின் பட்டியலில் அவை இன்னும் இருக்கும். உங்கள் கார்டுக்கு மட்டும் கட்டச் சொல்லுங்கள்: "-டிஜிஎம்எக்ஸ்_கூடா_டார்கெட்_எஸ்எம்=86". ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 86, ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்கு 89, ஜிடிஎக்ஸ் 1650-க்கும் டி4-க்கும் 75, ஜிடிஎக்ஸ் 1050-க்கு 61. கட்டும் நேரமும் இதனால் நன்றாகக் குறையும், பிழை வராதவர்களும் செய்யலாம்.

பழைய வழிகாட்டிகளில் "-டிஜிஎம்எக்ஸ்_ஜிபியு=ஆன்" என்றிருக்கும். 2021 முதல் அது செல்லாது; "=கூடா" என்று எழுத வேண்டும்.

"என்விடியா-எஸ்எம்ஐ ஹேஸ் ஃபெயில்ட்" என்றால் குரோமாக்ஸ் பக்கம் வராதீர்கள், டிரைவரே ஏறவில்லை. கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் இது வரும். "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" பாருங்கள், ஓடும் கெர்னலுக்கு என்விடியா மாட்யூல் இல்லையென்றால் "லினக்ஸ்-ஹெடர்ஸ்-$(யூநேம் -ஆர்)" போட்டுவிட்டு "சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்". மாட்யூல் இருந்தும் ஏறாவிட்டால் "மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்": செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. "டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்றால் ரீபூட், வேறொன்றும் இல்லை. விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்கள் என்விடியா டிரைவரை விண்டோஸில் மட்டும் போட வேண்டும்; லினக்ஸ் பக்கம் டூல்கிட் போதும். உள்ளேயும் டிரைவர் போட்டால் இருந்ததும் கெடும்.

மேக் பாதியில் செத்தால்

"கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1ப்ளஸ்" என்ற வரியைப் பார்த்தால் நிரலில் தவறு தேட வேண்டாம். நினைவகம் தீர்ந்து கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கிறது. "சூடோ டிஎம்இஎஸ்ஜி | டெயில்" அதை ஒப்புக்கொள்ளும். குரோமாக்ஸின் சில சி++ கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபி-க்கு மேல் கேட்கும். 8 ஜிபி ராம், 16 இழை உள்ள மடிக்கணினியில் "மேக் -ஜே$(என்பிராக்)" என்று அடித்தால் ஒரே நேரத்தில் பதினாறு கம்பைலர் எழும், கணக்கு நீங்களே போடலாம். 2 ஜிபி-க்கு ஒரு வேலை என்று வைத்து "-ஜே4" கொடுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், மறுபடி மேக் அடித்தால் விட்ட இடத்திலிருந்து போகும். 4 ஜிபி கணினியென்றால் ஸ்வாப் (ராம் போதாதபோது வட்டில் ஒதுக்கும் இடம்) சேர்த்துக்கொள்ளுங்கள்: "சூடோ ஃபாலோகேட் -எல் 8ஜி /ஸ்வாப்ஃபைல்2", "சூடோ சிஎச்மோட் 600 /ஸ்வாப்ஃபைல்2", "சூடோ எம்கேஸ்வாப் /ஸ்வாப்ஃபைல்2", "சூடோ ஸ்வாப்ஆன் /ஸ்வாப்ஃபைல்2". டபிள்யூஎஸ்எல் தானாகக் கணினி ராமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேருங்கள். சி டிரைவுக்குள் வைத்துக் கட்டினால் மிக மெதுவாகப் போகும். லினக்ஸ் பக்க ஹோமில் கட்டுங்கள்.

"பெர்மிஷன் டினைட்" மேக்கின் நடுவில் வந்தால் முன்பு எப்போதோ சூடோ போட்டுச் சிமேக் அல்லது மேக் ஓட்டியிருக்கிறீர்கள். சில கோப்புகள் ரூட் பெயரில் நிற்கின்றன. அந்தப் பில்ட் ஃபோல்டரைச் சூடோவோடு அழித்துவிட்டுச் சூடோ இல்லாமல் மறுபடி தொடங்குங்கள். சூடோ வேண்டிய ஒரே இடம் "மேக் இன்ஸ்டால்", அதுவும் /யூஎஸ்ஆர்/லோக்கலில் வைத்தால் மட்டும். "-டிசிமேக்_இன்ஸ்டால்_பிரிஃபிக்ஸ்=$ஹோம்/குரோமாக்ஸ்-2024" என்று ஹோமிலேயே வைத்துக்கொண்டால் அதுவும் வேண்டாம்.

"அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்", "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 நாட் ஃபவுண்ட்"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. டெர்மினலைத் திறந்ததும் வரியின் முன்னால் "பேஸ்" என்று வந்தால் கோண்டா விழித்திருக்கிறது. சிமேக் லைப்ரரி தேடும்போது பாத் மாறியில் முன்னால் நிற்கும் கோண்டாவின் ஃபோல்டரில் கையை விடும்: எச்டபிள்யூலாக் (கணினி வன்பொருள் அமைப்பைப் பார்க்கும் லைப்ரரி) அங்கிருந்து, எஃப்எஃப்டிடபிள்யூ அங்கிருந்து, கம்பைலர் மட்டும் உபுண்டுவிலிருந்து. தலைப்புக் கோப்பு ஒரு வெர்ஷன், லைப்ரரி இன்னொரு வெர்ஷன். எல்லாக் கோப்பும் கம்பைல் ஆகி, 98 சதவீதத்தில் இணைக்கும்போது "அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்" கொத்தாகக் கொட்டும்.

உறுதிப்படுத்த ஒரே கட்டளை: பில்ட் ஃபோல்டரில் "கிரெப் -ஐ கோண்டா சிமேக்கேஷ்.டெக்ஸ்ட்", அந்தக் கோப்பின் பின்னொட்டு வழக்கமான மூன்றெழுத்துத்தான். ஒரு வரி வந்தாலும் கலப்பு நடந்துவிட்டது. "கோண்டா டிஆக்டிவேட்", பில்ட் ஃபோல்டரை அழித்தல், புதிய டெர்மினல், மறுபடி சிமேக். இனி தானாக விழிக்காமலிருக்க "கோண்டா கான்ஃபிக் --செட் ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் ஃபால்ஸ்".

ஓட்டும்போது "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 நாட் ஃபவுண்ட்" வந்தால் அந்த எண் ஜிசிசி 12-ஐக் குறிக்கும், 3.4.29 என்றால் ஜிசிசி 11. 22.04-ல் உள்ள சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ அதைத் தரும். பிறகு ஏன் இல்லை என்கிறது? பிழைச் செய்தியில் உள்ள பாதையைப் படியுங்கள். மினிகோண்டா என்றோ அனகோண்டா என்றோ இருந்தால், பாஷ்ஆர்சி-யில் (டெர்மினல் திறக்கும்போது ஓடும் கோப்பு) யாரோ எப்போதோ எழுதிய எல்டி_லைப்ரரி_பாத் வரி கோண்டாவின் பழைய லைப்ரரியை முன்னால் தள்ளுகிறது. அந்த வரியை நீக்குங்கள். லைப்ரரிக் கோப்பை அங்கிருந்து இங்கே நகலெடுத்து ஒட்டும் வைத்தியம் ஒரு மென்பொருளை எழுப்பி மூன்றைப் படுக்க வைக்கும்.

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் "ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" முற்றிலும் வேறு நோய். புதிய கணினியில் கட்டியதைப் பழைய கணினிக்குத் தூக்கிப் போயிருக்கிறீர்கள். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 20.04-ல் 2.31, 22.04-ல் 2.35, 24.04-ல் 2.39. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், மறுதலை நடக்காது. ஜிலிப்சி-யைக் கையால் உயர்த்த முயலாதீர்கள், "எல்எஸ்" கூட ஓடாமல் போகும். ஓட வேண்டிய கணினியிலேயே கட்டுங்கள்.

கட்டி முடித்தும் ஓடாவிட்டால்

"ஜிஎம்எக்ஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்": நிறுவிய இடத்தின் பின் ஃபோல்டரில் உள்ள ஜிஎம்எக்ஸ்ஆர்சி கோப்பை "சோர்ஸ்" செய்யவில்லை. அந்த வரியைப் பாஷ்ஆர்சி-யின் கடைசியில் சேருங்கள். எம்பிஐ-யோடு (வேலையைப் பல செயல்முறைகளாகப் பிரிக்கும் முறை) கட்டியிருந்தால் கட்டளையின் பெயரே "ஜிஎம்எக்ஸ்_எம்பிஐ", இரட்டைத் துல்லியமென்றால் "ஜிஎம்எக்ஸ்_டி". கட்டியது 2024, வெர்ஷன் கேட்டால் 2021.4 என்கிறதா? "டைப் -ஏ ஜிஎம்எக்ஸ்" அடித்தால் ஆப்ட் போட்ட பழையதும் வரிசையில் நிற்பது தெரியும்.

"இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்", அல்லது வரிசை மேலாளரின் பதிவில் 132 என்ற வெளியேற்ற எண். கட்டும்போது குரோமாக்ஸ் அந்தக் கணினியின் பிராசசரைப் பார்த்து அதற்கேற்ற சிம்ட் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுவது) கட்டளைத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கும். கிளஸ்டரின் நுழைவுக் கணு ஏவிஎக்ஸ்-512 (புதிய சிம்ட் தொகுதி) உள்ளது, கணக்கிடும் கணு பழையது என்றால் அங்கே போனதும் பிராசசருக்குப் புரியாத கட்டளை கிடைக்கும். கணக்கிடும் கணுவில் "எல்எஸ்சிபியு | கிரெப் ஏவிஎக்ஸ்" பார்த்து, எல்லாக் கணுவிலும் உள்ள அளவுக்கு இறக்குங்கள்: "-டிஜிஎம்எக்ஸ்_சிம்ட்=ஏவிஎக்ஸ்2_256". 2013-ல் வந்த இன்டெலின் ஹேஸ்வெல் முதல் இது உண்டு. 137 என்று எண் வந்தால் அது சிம்ட் பிரச்சினை இல்லை, நினைவகம்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் எம்டி.லாக் கோப்பின் தலையைப் படியுங்கள். "ஜிபியு சப்போர்ட்: டிசேபிள்ட்" என்றிருந்தால் கூடா விருப்பம் சிமேக்குக்குப் போய்ச் சேரவே இல்லை. "கம்பைல்ட் சிம்ட்... மைட் பி பெட்டர்" என்று குறிப்பு வந்தால் தேவைக்கு மேல் இறக்கிவிட்டீர்கள். "-டிசிமேக்_பில்ட்_டைப்=டிபக்" கொடுத்துக் கட்டியதை வைத்து உற்பத்தி ஓட்டம் நடத்தினாலும் இப்படித்தான் இழுக்கும்.

கடைசியாக, பிழைச் செய்தியே தராமல் நேரத்தைத் தின்னும் ஒன்று. எம்பிஐ இல்லாமல் கட்டிய சாதாரண ஜிஎம்எக்ஸ்-ஐ "எம்பிஐரன் -என்பி 4 ஜிஎம்எக்ஸ் எம்டிரன்" என்று ஓட்டினால் வேலை நான்காகப் பிரியாது. ஒரே கணக்கை நான்கு பேர் தனித்தனியாக, ஒரே ஃபோல்டரில், ஒருவர் கோப்பை மற்றவர் தள்ளிக்கொண்டு போடுவார்கள். ஃபோல்டரில் #எம்டி.லாக்.1#, #எம்டி.லாக்.2# என்று முன்னும் பின்னும் கட்டம் போட்ட கோப்புகள் ஒரே நிமிடத்தில் முளைத்திருந்தால் நடந்தது அதுதான். ஒரே கணினியில் ஓட்டுபவருக்கு எம்பிஐரன் தேவையே இல்லை. "ஜிஎம்எக்ஸ் எம்டிரன் -என்டிஎம்பிஐ 1 -என்டிஓஎம்பி 8" என்று இழைகளைச் சொன்னால் போதும்.